கியோங் சாய்க் பக்கம் சின்ன காக்டெய்ல் பார்: முதல் தடவை போகிறோம், என்ன கவனிக்க வேண்டும்?

மழைமைனா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து என் கல்லூரித் தோழி சிங்கப்பூர் வருகிறாள். மொட்டை மாடி பார், மரினா பே வெளிச்சம் எல்லாம் போன தடவையே பார்த்தாயிற்றாம். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் உட்காருகிற மாதிரி ஒரு சின்ன இடத்துக்குக் கூட்டிப் போ என்கிறாள். சைனாடவுன் பக்கம் கியோங் சாய்க் சாலை, அமோய் ஸ்திரீட், ஆன் சியாங் ஹில் என்று பெயர்கள் தெரியும், அவ்வளவுதான். நான் பியரைத் தாண்டிப் போனதில்லை. அவளுக்கு விஷயம் தெரியும்.

சந்தேகங்கள்: முன்பதிவு வேண்டுமா? இரண்டு பெண்கள் மட்டும் போனால் சங்கடமாக இருக்குமா? மெனு புரியாவிட்டால் என்ன சொல்லிக் கேட்பது? மொத்தம் எவ்வளவு ஆகும்? அவள் சுத்த சைவம். பானத்துக்கு இது பொருந்துமா என்றுகூடத் தெரியவில்லை, கேட்டு வைக்கிறேன்.

தயிர்சாதம் எழுதியது:

குடிக்காதவன் கருத்து வேண்டாம் என்றால் தாண்டிப் போய்விடுங்கள். ஒரு கோப்பை 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதில் பாதி ஐஸ். அந்தக் காசுக்குத் தேக்காவில் (லிட்டில் இந்தியா) இரண்டு பேர் வாழை இலை போட்டு வயிறு நிறையச் சாப்பிடலாம். மனத்தில் பட்டது, சொல்லிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தயிர்சாதம் அண்ணே, 25 என்பதே பொய்க் கணக்கு. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ++ என்று பொடி எழுத்தில் இருக்கும். முதலில் 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து அதன்மேல் 9% ஜிஎஸ்டி. 25 வெள்ளி 29 வெள்ளி 98 காசு ஆகிவிடும். ஆளுக்கு இரண்டு என்றால் இருவருக்கும் 120 வெள்ளி. கொறிக்க ஏதாவது வாங்கினால் அது தனி. சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருப்பதால் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. இங்கே யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

பாதி ஐஸ் என்றீர்கள். மீதிப் பாதியில் அரசாங்கமும் உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஜின், ரம் மாதிரி சரக்குக்குத் தீர்வை, உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹாலின் அளவை வைத்து, லிட்டருக்கு 88 வெள்ளி. 700 மில்லி ஜின் பாட்டிலில், 40% என்றால், 280 மில்லி ஆல்கஹால். தீர்வை மட்டும் 24 வெள்ளி 64 காசு. ஒரு கோப்பைக்கு 60 மில்லி ஊற்றினால் அதில் 2 வெள்ளிக்கு மேல் தீர்வையாகவே போகிறது. மீதி பெரும்பாலும் வாடகையும் சம்பளமும். பன்னிரண்டு நாற்காலியை வைத்துக்கொண்டு சைனாடவுன் கடைவீட்டுக்கு வாடகை கட்டுவது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் அங்கே வாங்குவது பானத்தைவிட அந்த நாற்காலியைத்தான்.

கவுண்டருக்குப்_பின்னால் எழுதியது:

இந்த வட்டாரத்தில்தான் வேலை பார்க்கிறேன். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், முதலாளியும் இதைப் படிக்கலாம். அக்கா கேட்டதற்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வெள்ளி, சனி என்றால் முன்பதிவு இல்லாமல் கிளம்ப வேண்டாம். செவ்வாய், புதன் மாதிரி நாளில் திறக்கிற நேரத்துக்கே, ஆறு ஆறரைக்கு, வந்தால் பெரும்பாலும் இடம் இருக்கும். இரண்டு பேர் என்பது எங்களுக்கு ரொம்பப் பிடித்த எண்ணிக்கை. ஐந்து பேர் கவுண்டரில் வரிசையாக உட்கார்ந்தால் இந்த ஓரத்து ஆளுக்கும் அந்த ஓரத்து ஆளுக்கும் பேச்சு எட்டாது, சத்தம் போட ஆரம்பிப்பார்கள். கடைவீட்டின் அகலமே ஐந்தாறு மீட்டர்தான், ஒருவர் சிரித்தால் கடை முழுக்கக் கேட்கும். நான்கு பேருக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று பல இடங்களில் விதி வைத்திருப்பது அதனால்தான். திமிர் என்று நினைக்க வேண்டாம்.

மேசை காலியாக இருந்தாலும் கவுண்டரில் இடம் கேளுங்கள். இரண்டு பெண்கள் போவதற்கும் கவுண்டர்தான் நல்லது. உங்களுக்கு நேர் எதிரே ஒருவர் எப்போதும் நிற்கிறார், யாராவது வந்து தொந்தரவு செய்தால் நீங்கள் வாய் திறக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். பெரிய பாரில் இருட்டு மூலையில் உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல். தனியாக வருகிற பெண்கள் எங்களுக்குப் புதிதில்லை. புத்தகம் கொண்டுவந்து படித்துவிட்டு ஒரு கோப்பையோடு போகிறவர்கள் உண்டு.

மெனு புரியவில்லை என்றால் வெட்கப்பட எதுவுமில்லை. பாதி பெயர்கள் நாங்களே வைத்தவை, வேறு யாருக்கும் புரியாது. "ஸ்ட்ராங்காக ஏதாவது கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் சரக்கு பிடிக்கும், எது அறவே ஆகாது, புளிப்பா இனிப்பா கசப்பா, நீளமான கிளாஸில் மெதுவாகக் குடிப்பதா சின்னக் கோப்பையில் கெட்டியாகவா, இவ்வளவு சொன்னால் போதும். பெயரே தெரிய வேண்டாம். "ரம் பிடிக்கும், எலுமிச்சைப் புளிப்பு பிடிக்கும், இனிப்பு தூக்கலாக இருக்கக்கூடாது" என்று ஒருவர் சொன்னால் அவர் கேட்பது டேக்கிரி என்று எங்களுக்குத் தெரியும். ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, மூன்றே பொருள். இந்த மூன்றில் ஏமாற்ற இடமில்லை. புதிதாக ஒரு பாருக்குப் போனால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

சைவம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, கட்டாயம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விஸ்கி சவர் மாதிரி மேலே வெள்ளை நுரை நிற்கிற பானங்களில் பல இடங்களில் முட்டையின் வெள்ளைக்கரு இருக்கும். பிளடி மேரியில் ஊற்றுகிற வூஸ்டர்ஷைர் சாஸில் நெத்திலி மீன் உண்டு. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற மில்க் பஞ்ச் பாலைத் திரிய வைத்து வடிகட்டியது. சைவத்துக்குப் பரவாயில்லை, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும். முட்டை வேண்டாம் என்றால் கொண்டைக்கடலை ஊறி வெந்த தண்ணீரை வைத்தே நுரை எடுத்துவிடுவோம், பல கடைகளில் அது தயாராகவே இருக்கும்.

தயிர்சாதம் அண்ணனுக்கு: பாதி ஐஸ் என்பது குறை இல்லை. ஐஸ் குளிர வைக்க மட்டும் இல்லை, உருகிக் கலக்கத்தான் அது. குலுக்கியோ கலக்கியோ வடிகட்டி உங்கள் முன்னால் வைக்கிற பானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உருகிய தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் தொண்டை எரியும். சாறு இருந்தால் குலுக்குவோம், சரக்கு மட்டும் என்றால் கரண்டியால் கலக்குவோம். குலுக்கினால் காற்றும் பொடி ஐஸும் உள்ளே போகும், பானம் கலங்கி நுரைக்கும். புளிப்புப் பானத்துக்கு அது அழகு, சரக்கு மட்டும் கலக்கிற நெக்ரோனிக்கு ஆகாது. கலக்க எத்தனை நொடி என்பது அன்றைக்கு ஐஸ் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த வேலையில் பாதி அதுதான்.

தயிர்சாதம் எழுதியது:

விவரமாகச் சொன்னீர்கள் தம்பி. கொண்டைக்கடலைத் தண்ணீருக்கு 30 வெள்ளி என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பழைய_சைனாடவுன் எழுதியது:

கியோங் சாய்க் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு காக்டெய்லும் காப்பிக்கடையும்தான் ஞாபகம் வரும். நான் வளர்ந்தது ஊட்ரம் பக்கம். எங்கள் காலத்தில் அந்தச் சாலைப் பெயரை வீட்டில் சொன்னால் அடி விழும். சிவப்பு விளக்குப் பகுதி, போதாததற்கு ரகசியச் சங்கத்து ஆட்கள். வாசலில் பெரிய எழுத்தில் வெளிச்சம் போட்ட வீட்டு எண் இருந்தால் அது என்ன வீடு என்று பையன்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடந்து போவோம்.

ஆனால் நாங்கள் போகாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சாலை முனையில்தான் லயன் சித்தி விநாயகர் கோயில். செட்டியார்கள் நிர்வாகம். தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து முருகனுடைய வெள்ளித் தேர் கிளம்பி அண்ணனைப் பார்க்க இந்தக் கோயிலுக்குத்தான் வரும். காலையில் வந்து, பகல் முழுக்க இருந்து, சாயங்காலம் திரும்பும். செட்டிப் பூசம் என்போம். இன்றைக்கும் நடக்கிறது. பிள்ளையார் அந்தத் தெருவின் எல்லா அவதாரத்தையும் பார்த்துவிட்டார்.

1989-இல் சைனாடவுன் முழுவதையும் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தார்கள். அதன் பிறகுதான் கடைவீடுகள் இடிபடாமல் தப்பின. முதலில் சின்ன ஹோட்டல்கள் வந்தன, அப்புறம் வடிவமைப்பு அலுவலகங்கள், அப்புறம் சாப்பாட்டுக் கடைகள், கடைசியில் இந்த பார்கள். சாலை முனையில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிற வெள்ளைச் சிவப்புக் கட்டடம் 1939-இல் கட்டியது. கீழே தோங் ஆ காப்பிக்கடை. அங்கே காயா ரொட்டி தின்றவன் நான். 2014-இல் அது பொட்டேட்டோ ஹெட் என்ற உணவகம் ஆகி, மேல்மாடியில் காக்டெய்ல் ஊற்றினார்கள். தோங் ஆ அதே சாலையில் வேறு வீட்டுக்குப் போனது.

போகிறபோது வெளியே ஐந்தடி நடைபாதையில் கொஞ்சம் நின்று மேலே பாருங்கள் அம்மா. மாடத்துப் பூவேலையும் ஓடுகளும் உள்ளே இருக்கிற விளக்கைவிட நன்றாக இருக்கும்.

மழைமைனா எழுதியது:

ஐயா, பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் பாருக்குப் போவோம் போலிருக்கிறது. ரொம்ப நன்றி. முட்டை விஷயம் அவளுக்கே தெரியவில்லை. சென்னையில் எத்தனை விஸ்கி சவர் குடித்திருப்பாள் என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணாசாலை_365 எழுதியது:

சென்னையிலிருந்து ஒரு குறுக்கீடு. உங்கள் தோழி ஏன் சின்ன இடம் கேட்கிறார் என்று எனக்குப் புரிகிறது. இங்கே 2003-லிருந்து மதுச் சில்லறை விற்பனை முழுக்க அரசின் டாஸ்மாக் கையில். உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்றால் ஒன்று டாஸ்மாக்கை ஒட்டின பார், இல்லாவிட்டால் ஹோட்டலுக்குள் இருக்கிற பார், அல்லது கிளப். நல்ல காக்டெய்ல் போடுகிற ஆட்கள் இப்போது சென்னையிலும் இருக்கிறார்கள், ஆனால் அதற்கும் ஹோட்டல் வாசல், மெட்டல் டிடெக்டர், லாபி எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். தெருவிலிருந்து ஒரு கதவைத் தள்ளினால் உள்ளே பத்து நாற்காலி, என்கிற அமைப்பு இங்கே வளர வழியே இல்லை. பெண்கள் என்றால் ஹோட்டலை விட்டால் வேறு கதி கிடையாது. அதனால் கதவில்லாத, பெயர்ப்பலகை இல்லாத கடை எங்கேயாவது இருந்தால் அங்கே கூட்டிப் போங்கள், ஊருக்கு வந்து ஒரு மாதம் பேசுவார்.

கவுண்டருக்குப்_பின்னால் எழுதியது:

கதவு இருக்கும் அண்ணே, பலகைதான் இருக்காது. 2011-இல் ஹாங்காங் ஸ்திரீட்டில் 28-ஆம் எண் வீட்டில் திறந்த கடை அப்படித்தான், வீட்டு எண்ணே கடைப் பெயர். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் காக்டெய்ல் என்றால் ராஃபிள்ஸ் ஹோட்டலின் சிங்கப்பூர் ஸ்லிங்தான். 1915 வாக்கில் அங்கே வேலை பார்த்த ஙியாம் தோங் பூன் கலந்தது என்பார்கள். ஜின், செர்ரி, அன்னாசி என்று இனிப்பாக இருக்கும். லாங் பாரில் கடலைத் தோலைத் தரையில் போட்டுக்கொண்டே குடிப்பது ஒரு வேடிக்கை, ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். 28-க்குப் பிறகு, 2012-இல் அமோய் ஸ்திரீட்டில் ஜிகர் அண்ட் போனி, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைவீடுகளில் வர ஆரம்பித்தன.

நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்று உண்டு: விஜய் முதலியார். 2016-இல் அமோய் ஸ்திரீட் மாடியில் நேட்டிவ் என்ற பாரைத் தொடங்கினார். அங்கே ஸ்காட்ச்சும் பிரெஞ்சுச் சரக்கும் வைக்கவில்லை. தாய்லாந்து ரம், இலங்கைத் தென்னஞ்சாராயம், இந்திய விஸ்கி என்று இந்தப் பக்கத்துச் சரக்கும், இந்தப் பக்கத்து இலை காய்களும்தான். முசுறு எறும்பு போட்ட பானம் ஒன்று ரொம்பப் பேசப்பட்டது. சும்மா வித்தைக்காகப் போட்டதில்லை, அந்த எறும்புக்கு எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு உண்டு. நம் ஊரில் மாமரம் ஏறிக் கடி வாங்கினவர்களுக்கு அந்த வாசனை தெரியும். கறிவேப்பிலை, பாண்டான், நல்லமிளகு எல்லாம் இப்போது ஊர் முழுக்க மெனுக்களில் சாதாரணமாகிவிட்டதற்கு அந்த மாதிரிக் கடைகளுக்குப் பங்கு உண்டு.

இரவுப்பணி_நர்ஸ் எழுதியது:

குறுக்கே ஒரு எச்சரிக்கை. சின்னக் கோப்பை என்று ஏமாற வேண்டாம். நெக்ரோனியில் ஜின், கம்பாரி (கசப்பு மது), வெர்மூத் (மூலிகை ஒயின்) மூன்றும் 30 மில்லி வீதம் என்றால் அதில் சுமார் 19 கிராம் ஆல்கஹால். 330 மில்லி பியர் டின் ஒன்றில், 5% என்றால், 13 கிராம். பியரில் பழகினவர்கள் டின் கணக்கில் நினைத்துக்கொண்டு மூன்று கோப்பை குடித்துவிட்டு எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். அதுவும் இந்தக் கடைவீட்டு மாடிப்படிகள் செங்குத்தானவை.

வண்டி எடுத்துப் போகவே வேண்டாம். மூச்சில் 100 மில்லிக்கு 35 மைக்ரோகிராம் ஆல்கஹால்தான் எல்லை. இரண்டு கோப்பைக்குப் பிறகு நீங்கள் எந்தப் பக்கம் இருப்பீர்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. ஊட்ரம் பார்க், மேக்ஸ்வெல் இரண்டு நிலையமும் நடக்கிற தூரம். போகும் முன் சாப்பிட்டுவிடுங்கள். மேக்ஸ்வெல் உணவங்காடி பக்கத்திலேயே இருக்கிறது.

தேக்கா_தம்பி எழுதியது:

எல்லோரும் ரசித்து ரசித்து எழுதுகிறீர்கள், சரி. நான் கட்டுமானத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது சேஃப்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். 2013 டிசம்பர் 8-இல் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கலவரம் நடந்த பிறகு 2015-இல் மதுச் சட்டம் வந்தது. ராத்திரி 10:30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக்கூடாது, கடையிலிருந்து வாங்கிப் போகவும் முடியாது. தேக்காவிலும் கேலாங்கிலும் வார இறுதி என்றால் இன்னும் இறுக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிடைக்கிற லீவில் புல்வெளியில் நண்பர்களோடு ஒரு டின் பியர் குடித்தால் குற்றம். அதே ராத்திரி 11 மணிக்கு கியோங் சாய்க்கில் 30 வெள்ளிக் கோப்பை குடித்தால் அது பண்பாடு, ரசனை. குடிப்பதில் எது தப்பு எது சரி என்பதைக் கோப்பையின் விலைதான் தீர்மானிக்கிறதோ என்று எனக்குத் தோன்றும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, 10:30 விதி தீவு முழுக்க எல்லோருக்கும்தான். ராபர்ட்சன் கீ பாலத்தில் உட்கார்ந்து குடிக்கிற வெள்ளைக்காரருக்கும் அதே சட்டம். உரிமம் உள்ள இடத்துக்குள் குடிப்பது வேறு, வெளியே குடிப்பது வேறு.

தேக்கா_தம்பி எழுதியது:

சட்டம் ஒன்றுதான் அண்ணே, மறுக்கவில்லை. உரிமம் உள்ள இடத்துக்குள் போய் உட்கார யாரிடம் காசு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு நாள் சம்பளத்தை ஒரு கோப்பையில் ஊற்ற யாராலும் முடியாது.

கவுண்டருக்குப்_பின்னால் எழுதியது:

தேக்கா தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் நின்று ஊற்றுகிறவன், என்னாலும் வாரத்துக்கு ஒரு தடவை அந்த விலை கொடுத்துக் குடிக்க முடியாது. வேலை முடிந்து நாங்கள் போவது காப்பிக்கடைக்குத்தான், பெரிய பாட்டில் பியரைப் பகிர்ந்துகொள்வோம். ஒன்று மட்டும் சொல்வேன்: எங்கள் கடையில் ஒருவர் ஒரே ஒரு கோப்பை வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவரை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. எந்த உடுப்பில் வந்தார் என்றும் பார்ப்பதில்லை, செருப்பு மட்டும் மூடினதாக இருந்தால் நல்லது, கீழே கண்ணாடி உடையும். நீங்கள் வாருங்கள், முதல் கோப்பை என் கணக்கு. கடைப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தேக்கா_தம்பி எழுதியது:

கோபத்தில் எழுதினேன், அண்ணன் கோப்பையைக் காட்டிவிட்டார். கருத்து அப்படியே நிற்கிறது. கோப்பைக்கும் வருகிறேன்.

மழைமைனா எழுதியது:

போய்விட்டு வந்தாயிற்று. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் போன இடம் சரிப்படவில்லை. எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. கவுண்டரில் நாற்காலிகள் காலியாகத் தெரிந்தன, ஆனாலும் ஒரு மேசையைக் காட்டி, ஆளுக்கு இவ்வளவு குறைந்தபட்சம் செலவழிக்க வேண்டும் என்றார்கள். அது இணையதளத்தில் எங்கேயும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டோம். இது நடந்தால் யாரும் தயங்க வேண்டாம், உட்காரும் முன் எழுந்துவிடலாம்.

இரண்டாவது இடம்தான் நாங்கள் தேடினது. கீழே ஏதோ தையல் கடை மாதிரி இருந்தது, பக்கத்தில் ஒடுங்கின படிக்கட்டு. மேலே மொத்தம் பத்துப் பன்னிரண்டு இருக்கைகள், கவுண்டரில் எட்டு. மரக் கவுண்டர், பின்னால் பாட்டில்களுக்கு மட்டும் வெளிச்சம். பாட்டு உண்டு, ஆனால் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தது. இருந்த பெண் பார்டெண்டரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பியர் மட்டும் குடித்திருக்கிறேன், இனிப்பு வேண்டாம், புளிப்பு பிடிக்கும், லேசாக இருக்கட்டும். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், கறிவேப்பிலை பிடிக்குமா என்று. ஜின், கலமான்சி எலுமிச்சை, கறிவேப்பிலை ஊறின பாகு, மேலே சோடா. ரசம் தாளித்த சமையலறைக்குள் நுழைகிற மாதிரி வாசனை வந்தது, குடித்தால் ரசம் இல்லை. அதை விவரிக்க எனக்கு வராது.

தோழி நெக்ரோனியில் ஆரம்பித்தாள். அடுத்ததற்கு நுரை வைத்த ஒன்றைக் காட்டி முட்டையா என்று கேட்டாள். ஆமாம், கொண்டைக்கடலைத் தண்ணீரில் மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றினதில் சுவை குறைந்ததா என்று எங்களுக்கு ஒப்பிடத் தெரியாது, நுரை மட்டும் கடைசி வரை நின்றது.

நான் எதிர்பார்க்காதது, பக்கத்து நாற்காலிக்காரர்கள். ஒரு பக்கம் அறுபது வயதுச் சீனப் பெரியவர், தனியாக, விஸ்கியும் ஐஸும். இன்னொரு பக்கம் பிலிப்பினோ தம்பதி. நடுவில் நாங்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒரே பேச்சில் இருந்தோம், பெரியவர் கோயில் தேரைப் பற்றி எங்களுக்கே சொல்லிக்கொடுத்தார். சின்ன இடத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. பெரிய பாரில் இப்படி நடக்காது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒத்துவராதவர்களாக இருந்தால் இதே இடம் நரகமாகவும் ஆகியிருக்கும் என்று தோழி திரும்பும்போது சொன்னாள், அதுவும் சரிதான்.

இரண்டு மணி நேரம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், சரியாக அந்த நேரத்தில் பில் வந்தது. பில் கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. தண்ணீர் கேட்காமலே ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அதற்குக் காசு போடவில்லை.

பழைய_சைனாடவுன் எழுதியது:

அந்தப் பெரியவர் நான் இல்லை. எனக்குப் படி ஏற முடியாது.

ஷின்ஜூகு_வாசி எழுதியது:

தோக்கியோவிலிருந்து எழுதுகிறேன். சின்ன பார் என்றால் இங்கே கோல்டன் காய்தான் எல்லோரும் சொல்வார்கள். ஷின்ஜூகு, கபுகிச்சோ ஓரத்தில், ஹனசோனோ கோயிலுக்குப் பக்கத்தில் ஆறு சந்துகள், அதற்குள் 200-க்கு மேல் பார்கள். ஒரு கடையில் ஆறு, எட்டு பேர் உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது. போருக்குப் பிறகு கறுப்புச் சந்தை வியாபாரிகளை இங்கே ஒதுக்கினார்கள், அப்புறம் விபசாரம், 1958-இல் தடைச் சட்டம் முழுதாக அமலான பிறகு எல்லாம் பார்களாக மாறின. கியோங் சாய்க் கதை படிக்கும்போது இதுதான் ஞாபகம் வந்தது. 1980-களில் நில விலை ஏறினபோது இடித்துக் கட்ட நெருக்கினார்கள், தீ வைப்புகள்கூட நடந்தன, வாடிக்கையாளர்களும் கடைக்காரர்களும் முறை வைத்து ராத்திரிக் காவல் இருந்தார்கள்.

போகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளில் உட்கார்ந்தாலே இருக்கைக் கட்டணம் உண்டு, 500 யென்னிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும், கதவிலேயே எழுதியிருப்பார்கள். சில கடைகள் தெரிந்தவர்களுக்கு மட்டும். முகத்தில் அடித்த மாதிரிக் கதவை மூடினால் கோபப்பட வேண்டாம், உள்ளே எட்டே நாற்காலி, எட்டுப் பேரும் இருபது வருடமாக வருகிறவர்கள். சந்துகளில் படம் எடுக்கக்கூடாது.

காக்டெய்லுக்காகவே போகிறீர்கள் என்றால் கோல்டன் காய் சரியான இடம் இல்லை, அங்கே ஹைபாலும் (விஸ்கி சோடா) ஷோச்சூவும் (ஜப்பானியச் சாராயம்) தான். இதே ஊரில் கின்சா பகுதிக்குப் போங்கள். வெள்ளை ஜாக்கெட், கையால் செதுக்கின ஐஸ், பேச்சே இல்லை. அங்கே டெண்டர் பார் நடத்தின உயேடா கசுவோவின் "ஹார்ட் ஷேக்" என்கிற குலுக்கும் முறையைப் பற்றி உலகம் முழுக்க பார்டெண்டர்கள் சண்டை போட்டார்கள். எனக்கு அந்த அமைதி கொஞ்சம் மூச்சு முட்டும், மழைமைனா சொன்ன மாதிரிப் பேச்சுக் கவுண்டர்தான் பிடிக்கும்.

கவுண்டருக்குப்_பின்னால் எழுதியது:

ஹார்ட் ஷேக்கைப் பற்றி ஆரம்பித்தால் தனி இழை வேண்டும் அண்ணே. என் கை அப்படி வளையாது, அதனால் அது மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொள்வேன்.

தயிர்சாதம் எழுதியது:

இப்போது எனக்கு ஒரு சிக்கல். ஆபீசில் ஒருவர் வேலை மாறிப் போகிறார், மூன்று பேர் சேர்ந்து இந்த மாதிரி ஓர் இடத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்து என்னையும் சேர்த்துவிட்டார்கள். குடிக்காதவன் அங்கே என்ன செய்வது? கோக் வாங்கிக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்தால் நாற்காலி வாடகைக்குக் கேடு என்று நினைப்பார்களா?

கவுண்டருக்குப்_பின்னால் எழுதியது:

நினைக்க மாட்டோம். மெனுவின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், ஆல்கஹால் இல்லாத பானங்கள் மூன்று நான்கு இருக்கும், 15 வெள்ளி சுமார். அதையும் அதே கவனத்தோடுதான் செய்கிறோம். சொல்லப்போனால் கஷ்டம் அதிகம், ஏனென்றால் சரக்கு தருகிற காரமும் கனமும் இல்லாமல் வெறும் ஜூஸாகிவிடக்கூடாது. இஞ்சி, மிளகு, டீ, வினிகர், கொஞ்சம் உப்பு என்று வைத்துத்தான் அந்தக் காரத்தையும் கனத்தையும் கொண்டுவர வேண்டும். "புளிப்பும் காரமும் வேண்டும், இனிப்பு வேண்டாம்" என்று சொல்லுங்கள், நல்லதாக வரும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பிட்டர்ஸ் (சொட்டுச் சொட்டாக விடுகிற கசப்பு மூலிகைச் சாறு) ஒரு சொட்டுக்கூட வேண்டாம் என்று. பல இடங்களில் மாக்டெய்லிலும் அதைச் சொட்டுவார்கள், சில வகைகளில் 40%-க்கு மேல் ஆல்கஹால். ஒரு சொட்டால் போதை ஏறாது, ஆனால் அறவே கூடாது என்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு பேர் என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது.

தயிர்சாதம் எழுதியது:

பிட்டர்ஸ் விஷயம் உபயோகமான தகவல். செவ்வாய் எனக்கு விரதம், புதன் பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அண்ணே, நீங்கள் குடிக்கவே போவதில்லையே, விரதத்துக்கு என்ன?

தயிர்சாதம் எழுதியது:

கொறிக்க ஏதாவது வாங்குவார்களாமே.